எடுத்தால் எல்லாருக்கும் டீ

வேலைக்குக் கிளம்பும்போது பாரி வாசலில் நின்று ஒட்டு மீசையை வைத்துப் பார்த்தான். அன்று மாலை எர்ணாவூர் குடியிருப்பில் எங்கள் தெருநாடகம். அவனுக்குக் கம்பெனி அதிகாரி வேடம்.

"இன்னா மாயா, ஆபீசர் மாதிரி கீறனா?"

"ஆபீசர் வூட்டு வாட்ச்மேன் மாதிரி கீறே. போ, பஸ்ஸ வுட்டுடாதே."

சிரித்தான். மீசையைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அத்திப்பட்டுக்குப் போனான். நாங்கள் ஒரே வயதுக்காரர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வா, போ என்றுதான் பேசிக்கொண்டோம். அன்று வாசலில் பேசியதற்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை.

இது 2006 ஜூனில். வியாசர்பாடியில் பதினான்கு பேர் சேர்ந்து நடத்திய குழு அது. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஒருவர் ஷிப்டில் இருப்பார், இன்னொருவர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். எல்லோர் கையிலும் ஒரு பழைய போனாவது வந்த பிறகு நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எடுக்காத அழைப்புக்குக் காசு இல்லை. ஆகவே ஒரு முறை அடித்து நின்றால், 'கிளம்பிவிட்டேன்'. இரண்டு முறை அடித்தால், 'தாமதமாகும், ஆரம்பித்துவிடுங்கள்'. பதிலுக்கு ஒரு முறை அடித்தால், 'சரி'. யாராவது எடுத்துவிட்டால் கூப்பிட்டவருக்குக் காசு போய்விடும். அதனால் எடுத்தவர் அன்று எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பெருமை இருந்தது. தண்டையார்ப்பேட்டையிலிருந்து வந்த இன்னொரு குழுவினர் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். எங்களில் முதலில் மாட்டியது பாரிதான். தூக்கக் கலக்கத்தில் என் அழைப்பை எடுத்து "அலோ" என்றுவிட்டான். "கட்ன பொண்டாட்டிகிட்ட அலோ சொன்னதுக்குப் பதினாலு டீயா?" என்று குழு முழுக்கக் கேட்கப் புலம்பினான். நான் விடவில்லை. வாங்க வைத்தேன்.

அன்று ஆறரை மணிக்கு உசேன் அண்ணன் பறைகளையும் பேனரையும் தன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். என் போன் அடித்தது. பாரி. நான் எடுக்கவில்லை. வழக்கமாக உடனே நின்றுவிடும். இது விடாமல் அடித்து, தானாக ஓய்ந்தது.

பறைக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்த தௌசீஃப் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா, முழு ரிங்கு போவுது. எடுத்துப் பாரேன்."

"எடுத்தா டீ நீ வாங்குவியா?"

"நான் வாங்குறேன்க்கா."

"அடங்குடா. உங்கண்ணன் கட் பண்ண மறந்துட்டு எவன்கிட்டயோ கத அளந்துகினு கீறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். சிரித்து முடிப்பதற்குள் மறுபடி அடித்தது. அதுவும் முழுவதும். இரண்டு. தாமதமாகும், ஆரம்பித்துவிடுங்கள். நான் அவனுக்கு ஒரு முறை அடித்தேன். பிறகு போனை அணைத்துப் பையில் போட்டேன். அதிகாரி வேடத்தைத் தௌசீஃப் போட்டான். முக்கால் மணி நேரம் ஆடினோம். கூட்டம் நன்றாகக் கைதட்டியது.

பாரி அப்போது எர்ணாவூர் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உசேன் அண்ணனின் ஆட்டோவில் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் அவனிடம் சேர்ந்திருக்கலாம். அங்கே டீக்கடை வைத்திருக்கும் மாசானம் பதினாறாம் நாள் முடிந்து நான் போய்க் கேட்டபோது சொன்னார்.

"வேற வண்டி புடிக்கிறேன்னேன்மா. வேணாம் நைனா, பக்கத்துலதான் நம்ம ஆட்டோ நிக்கிது, சம்சாரம் இட்டாந்துடும்னாரு. ரெண்டு தபா அடிச்சாரு. அப்பால அவருக்கு ஒரு ரிங்கு வந்துச்சு. எடுக்கப் போனாரு, அதுக்குள்ள நின்னுபோச்சு."

"அப்புறம்?"

"போனையே பாத்துகினு இருந்தாரு. நான் வாங்கி அடிச்சேன், ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. ரோட்டுல ஓடி ஒரு வண்டிய மடக்கறதுக்குள்ள..."

எனக்கு ஒரு டீ ஆற்றிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

முன்பே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாதும்மா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

குழு கலையவில்லை. யாரும் அறிவிக்காமலே எல்லாரும் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள். என் முன்னால் யாருக்காவது அழைப்பு வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசுவார்கள். தௌசீஃப் ஒரு முறைகூட, "நான் எடுக்கச் சொன்னேனே அக்கா" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவன் கேட்காததால் அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன், அவன் குரலில்.

பாரியின் போனில் என் அந்த ஒரு ரிங்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிப்பேன். 'சரி.' நெஞ்சு வலிக்கிறது என்றவனுக்கு நான் சொன்ன பதில் அது. என்னோடு வாழ்ந்தவன், சட்டத்தை அறிந்தவன். நான் எடுக்கமாட்டேன் என்று தெரிந்தும் என்னைத்தான் அழைத்தான். இந்த முறை எடுப்பாள் என்று நினைத்திருக்கிறான்.

சாவு வீட்டுக் கூட்டம் குறைந்த ஒரு பிற்பகலில் அவனுடைய போனைச் சார்ஜில் போட்டு, ஏன் என்று தெரியாமலே பேலன்ஸ் பார்த்தேன். நாடகத்துக்கு முந்தின நாள் அவன் போட்ட டாப்-அப்பில் ஒரு பைசாவும் குறையவில்லை.