முந்தின கிண்ணம்

நாத்தனாரோடு ஒரே வீட்டில் குடியிருக்கலாம். ஒரே இடத்தில் வேலை பார்க்கக் கூடாது. என் தலையெழுத்து, எனக்கு இரண்டும் வாய்த்தது. வீட்டில் அவள் பெயர் பாப்பா. முப்பது வயதைத் தாண்டி, எலியின் மண்டையில் துளை போட்டு மயிரிழை பிசகாமல் ஊசி இறக்குகிறவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். ஆய்வகத்தில் அவள் எலிகளுக்கு அறுவை செய்வாள். நான் அதே எலிகளுக்குப் பரீட்சை வைப்பேன். காலையில் ஒரே பஸ்ஸில் போய், மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுப்பாள்.

என் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் நான் லேசில் நம்பமாட்டேன். "கடவுளே நேர்ல வந்தாலும் அடையாள அட்டையைக் காட்டுங்கன்னு கேப்ப நீ" என்பார் என் கணவர். கேட்டால் என்ன தப்பு?

பரீட்சை இதுதான். சின்னக் கிண்ணங்களில் மணல், ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை: எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள், சோம்பு, புதினா. ஒன்றன்பின் ஒன்றாக எலியின் முன்னால் வைப்போம். அது மணலைக் கிளறி, உள்ளே புதைந்த பிஸ்கட் துணுக்கைத் தின்னும். வரிசை முடிந்து சற்று நேரம் கழித்து, அந்த வாசனைகளில் இரண்டை மட்டும் அருகருகே வைப்போம். எது முந்தி வந்ததோ அதைக் கிளறினால்தான் பிஸ்கட். நல்ல எலி சரியாகக் கிளறும். மூளைக்குள் சுருண்டு கிடக்கும் ஹிப்போகாம்பஸை இழந்த எலிக்கு, இந்த வாசனையை ஏற்கெனவே முகர்ந்திருக்கிறோம் என்பது தெரியும். எது முந்தி, எது பிந்தி என்பது மட்டும் தெரியாது. குருட்டாம்போக்கில் எதையாவது கிளறும். அப்படித்தான் நடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நெற்றிப்பக்கத்து மூளைக்கு இதில் என்ன பங்கு என்று பார்ப்பதாக இருந்தோம்.

ஒப்பிட்டுப் பார்க்க, தோலை மட்டும் கீறித் தைத்த எலிகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வகைக்கும் வித்தியாசமே தெரியாது. கூண்டில் செருகியிருக்கும் அட்டைதான் சொல்லும்.

பரீட்சை அன்று, ஹிப்போகாம்பஸ் இல்லாத முதல் எலி டாண் என்று முந்தின கிண்ணத்தைக் கிளறியது. சிரித்தேன். அடுத்ததும் அப்படியே செய்தது, அதற்கடுத்ததும். சிரிப்பு நின்றுபோனது. அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது எனக்கு.

அப்போதே பொறி தட்டிவிட்டது. பாப்பா எலிகளின் மூளையைத் தொடவே இல்லை! சும்மா கீறித் தைத்துவிட்டு, அட்டையை மட்டும் மாற்றிச் செருகியிருக்கிறாள். ஏன் செய்யமாட்டாள்? மயக்கம் தெளியாத எலியை உள்ளங்கையில் ஏந்தி, "சரியாயிடும்டா கண்ணு" என்று கொஞ்சுகிறவள்தானே. மனசு வந்திருக்காது.

அதிலிருந்து அவள் எது செய்தாலும் எனக்கு உறுத்தியது. சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள்? பேசாமல் இருந்தால் எதை மறைக்கிறாள்? தட்டில் சோறு மிச்சம் வைத்தால், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அந்தக் காட்சி ஞாபகத்துக்கு வந்தது. எலி அறையில் பாப்பா தனியாக நிற்கிறாள். ஒரு கூண்டிலிருந்து அட்டையை உருவி இன்னொன்றில் செருகுகிறாள். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, "என்ன அண்ணி, சத்தமே இல்லாம வந்து நிக்கிறீங்க?" என்கிறாள். அவள் கையில் வெள்ளைக் கட்டு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

நேராகப் பேராசிரியரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அட்டைய மாத்தினது பரீட்சைக்கு முன்னாடியா, பின்னாடியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒருத்தரோட பொழப்பு இது."

"முன்னாடிதான் சார். கையில கட்டுப் போட்டிருந்தாளே, அதுகூட ஞாபகம் இருக்கு. பழைய விஷயமாச்சே, மத்ததெல்லாம் கொஞ்சம் மங்கலா இருக்கு. ஆனா சத்தியமா முன்னாடிதான்."

"சரி. எலிகளோட மூளைய எடுத்துச் சீவிப் பாத்துடுவோம். அதுவரைக்கும் அவங்க இங்க வர வேணாம். நீங்க சொல்றது நிஜம்னா, இந்த வேலை மட்டும் இல்ல, வேற எந்த ஆய்வகமும் அவங்களைச் சேத்துக்காது. உங்க பேரை நான் சொல்லமாட்டேன்."

அன்று நான் மட்டும் பஸ்ஸில் திரும்பினேன். பாப்பா முன்னறையில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் அட்டைய மாத்தினேன்னு யாரோ புகார் கொடுத்திருக்காங்களாம். யாரா இருக்கும் அண்ணி?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்?" என்றேன். கைப்பையை வைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

என் கணவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "எவன்னு மட்டும் தெரியட்டும்!" என்று துணி மடித்துக்கொண்டே பொரிந்தார். நான் அவசரமாக, "அவ கைக் கட்டை எப்ப அவுத்தா?" என்று பேச்சை மாற்றினேன்.

"அதுவா? இஸ்திரிப்பெட்டி சுட்டதுதானே. எல்லாம் உன்னாலதான்."

"நான் என்ன பண்ணேன்?"

"எலி எல்லாம் பாஸாயிடுச்சுன்னு வந்து கத்தினியே, அன்னைக்கு இவ இஸ்திரி போட்டுட்டு இருந்தா. 'நிஜமாவா அண்ணி'ன்னு திரும்பினவ சூட்டு மேல கையை வச்சிட்டா. நீ எங்க கவனிச்ச? பேசிக்கிட்டே போய்ட்ட. நான்தான் மருந்து வச்சுக் கட்டினேன்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சை முடிந்த பிறகுதான் கையில் கட்டு. அப்படியானால் அவள் அட்டை மாற்றியதும் பரீட்சைக்குப் பிறகுதான். கூண்டுகளைக் கழுவும் நாள் அது. எலிகளை வேறு கூண்டுக்கு மாற்றும்போது அட்டையும் கூடவே போக வேண்டும். நானே எத்தனையோ முறை செய்த வேலை. உடனே பேராசிரியரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா, எலிகள் எப்படிச் சரியாகக் கிளறின என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வெட்கம்கெட்ட மனசு!

நாலு நாள் கழித்துப் பேராசிரியர் என்னை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தார். சீவல் சீவலாக எலி மூளை. ஹிப்போகாம்பஸ் இருக்க வேண்டிய இடம் இரு பக்கமும் வெறும் குழி. சுற்றிலும் வேறெங்கும் கீறல்கூட இல்லை. ஒவ்வொரு எலியிலும் அப்படியே.

"இவ்வளவு சுத்தமான வேலைய நான் பாத்ததில்ல. கூப்பிடுங்க அவங்களை" என்றார்.

பாப்பா வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் பரீட்சை மேசைக்கு நேராகப் போனாள்.

"அண்ணி, கடைசியா பக்கத்துப் பக்கத்துல வைக்கிற ரெண்டு கிண்ணத்துக்கு நான் புதுசா கலந்து மூடி வச்சதைத்தானே வச்சீங்க?"

முறைப்படி அப்படித்தான். ஆனால் அடுத்தவர் கலந்ததை நான் எப்படி நம்புவேன்?

"இல்ல. வரிசையில வச்ச அதே கிண்ணங்களைத்தான் வச்சேன். நீ கலந்தா வாசனை கூடக் குறைய இருந்துடுமோன்னு..."

அவள் கிண்ணங்களில் வாசனை கலந்து, நான் செய்வது போலவே ஒவ்வொன்றாகத் திறந்து, மணலைக் கிளறி, மின்விசிறிக்கு அடியில் விட்டாள். காத்திருந்து, முதலில் திறந்ததையும் கடைசியில் திறந்ததையும் என் மூக்கருகே நீட்டினாள். கடைசிக் கிண்ணத்துப் புதினா மூக்கைத் துளைத்தது. முதல் கிண்ணத்தில் எலுமிச்சை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"எதுல வாசனை கம்மியோ அதைக் கிளறினா பிஸ்கட். எலி கத்துக்கிட்டது அவ்வளவுதான். எது முந்தி வந்துச்சுன்னு அதுக்கு ஞாபகமே இல்ல. மங்கலா இருக்கறதெல்லாம் பழசுன்னு நெனச்சுக்கிச்சு."

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதைதான் போங்க! எல்லாத்தையும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்போம்." என் கண்ணை ஒரு கணம் பார்த்தார். மங்கலா இருக்கு சார் என்று நான் அவரிடம் சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்கும். வெளியே போனார்.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றோம். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"நான் அட்டை மாத்தினப்ப அந்த ரூமுக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான் அண்ணி. யாரா இருக்கும்னு அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேன். சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

"பாப்பா..."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என்னைப் பாத்தப்புறம் உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சா? இல்ல, சந்தேகம் வந்தப்புறம் என்னைப் பாத்தீங்களா?"

இது ஒன்று மட்டும் எனக்கு மங்கலாக இல்லை. இனி ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"சந்தேகம்தான் பாப்பா முந்தி."

அவள் மெல்லத் தலையாட்டினாள். எங்கள் பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க போங்க அண்ணி. நான் அடுத்த பஸ்ல வரேன்" என்றாள்.