மிச்சம் பிடித்த மூச்சு

காட்டுச் சங்கத் தலைவர் தோன் அன்செல்மோ மைக்கை இரண்டு முறை ஊதிப் பார்த்தார். பிறகு, "மௌனத்தின் மாவீரன் மறைந்தான்!" என்று முழங்கினார். சவப்பெட்டியைச் சுற்றியிருந்த மெழுகுவத்திகள் நடுங்கின.

எர்மெலிந்தா தன்னையறியாமல் உதட்டில் விரல் வைத்தாள். அப்பாவின் சைகை அது.

அப்பா எலேயுதேரியோ மலைக்காட்டுக் காவலாளி. வண்ணத்துப்பூச்சி பார்க்க வருகிறவர்களை ஆரவாரம் செய்யாமல் அடக்குவதுதான் குளிர்காலம் முழுக்க அவருக்கு வேலை. வடக்கிலிருந்து வரும் பூச்சிகள், வழியில் தேன் குடித்துச் சேர்த்த கொழுப்பை நம்பி மரங்களில் கொத்துக் கொத்தாக அசையாமல் தொங்கும். கலைந்து பறந்தால் கொழுப்பு கரைந்துவிடும். மார்ச்சில் திரும்பிப் போகத் தெம்பிருக்காது.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டதும் எர்மெலிந்தா காட்டின் அந்த மௌனச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். சிகாகோவிலிருக்கும் தம்பி ஃபெர்மினுக்கு மார்ச்சில்தான் விடுப்பு. அதுவரை அவர் தாங்க வேண்டும்.

"எர்மே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"பேசாதீங்கப்பா, மூச்சை மிச்சம் பிடிங்க. தம்பி வரட்டும், ஆசைதீரப் பேசலாம்."

"அவன்கிட்ட இல்லம்மா, உன்கிட்ட..."

"ஷ்ஷ்."

அவர் சொன்னபடி கேட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் கண்ணைத்தான் காட்டினார். பிப்ரவரியிலேயே போய்விட்டார், மிச்சம் பிடித்ததையெல்லாம் வைத்துக்கொண்டு.

"இந்தாளு செத்தவருக்காகப் பேசறாரா, ஓட்டுக்குப் பேசறாரா?" என்றாள் பக்கத்து வீட்டு சோலெதாத்.

"பேசட்டும்க்கா."

"உங்கப்பா இருந்திருந்தா வாயைப் பொத்தியிருப்பார். ஆமா, கடைசியா உன்கிட்ட என்னடி சொன்னார்?"

"காப்பி ஆறுது, எடுத்துக்குங்க."

கைப்பேசி அதிர்ந்தது. ஃபெர்மின்.

"அக்கா, அப்பா எனக்கு ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லடா."

"உனக்கு?"

வாசலில் தலைவர், "இறுதியாக" என்றார். மூன்றாவது முறை.

"சரி விடு. போனை அப்பா காதுல வை. நான் பேசணும்."

வைத்தாள். பனி கொட்டுவதை, மகளுக்குப் பல் முளைத்ததை, டிக்கெட் எடுத்துவிட்டதை எல்லாம் அவன் அழுதபடி சொல்லிக்கொண்டே போனான். குனிந்து நின்றதில் அவளுக்கு முதுகு கடுத்தது. கை மரத்துப்போனது. மறு கைக்கு மாற்றினால் நடுவே ஒரு சொல் தவறிவிடும்.

அவள் மாற்றவில்லை.