கொத்தனார் மகள் நின்ற தரை

கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே கொத்தனாரின் மூத்த மகள் கணுக்கால்வரை தரைக்குள் இறங்கினாள். கூட நின்ற மற்ற யாரும் இறங்கவில்லை. அவர்கள் வீடுகளில் அப்பாவோ அத்தையோ அண்ணனோ அங்கேயே படித்திருந்தார்கள். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வருபவர்களை அந்தத் தரை தாங்காது என்பது ஊரறிந்த விஷயம். அதற்காகவே நிர்வாகம் ஓர் உதவி மையம் நடத்தியது. அதன் பொறுப்பாளர் கனிவான பெண்மணி. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தையல் டேப்பால் திங்கட்கிழமைதோறும் அளந்து குறித்துக்கொள்வார். "ஆரம்பத்துல இப்படித்தாம்மா இருக்கும், தைரியமா இரு" என்று சொல்லி ஒரு கையேடும் கொடுப்பார். முதல் வருட முடிவில் முழங்கால், இரண்டாம் வருடம் இடுப்பு. சேற்றில் நடப்பதுபோல் வகுப்புக்கு வகுப்பு நடந்தாள். எல்லாத் தாளிலும் அவள்தான் முதல். ஆண்டு மலரில் வந்த படத்தை இடுப்புக்கு மேல்தான் எடுத்திருந்தார்கள், நன்றாகவே சிரித்திருந்தாள்.

வீட்டில் இதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. வேறு யாரோ சொல்லித் தெரிந்ததும் அப்பா சாந்துக் கையோடு ஓடி வந்தார். அந்தத் தரையைப் போட்டவரே அவர்தான். குதித்துப் பார்த்தார், குதிகாலால் இடித்துப் பார்த்தார். பாறை மாதிரி இருந்தது.

"என்னைத் தாங்குதே மேடம்?" என்றார் பொறுப்பாளரிடம்.

"நீங்க வேலைக்கு வந்தவர்தானே? வேலைக்கு வந்தவங்கள அது ஒண்ணும் பண்ணாது."

அவர் யோசித்து, தன் பூச்சுக் கரண்டியை மகள் கையில் கொடுத்தார். அந்தக் கணமே அவள் மேலே வந்து நின்றாள். பொறுப்பாளர் கைதட்டினார். மூன்றாம் வருடம் முழுக்கக் கரண்டியும் கையுமாகவே வகுப்பில் இருந்தாள். பெயர்ந்த சுவர்களைப் பூசச் சொன்னார்கள்; இடைவேளையில் பூசினாள்.

கடைசித் தேர்வுக்குப் பேனா தவிர எதுவும் உள்ளே கூடாது என்றார்கள். வாசலிலேயே கரண்டியை வாங்கிவிட்டார்கள்.

"விட்டுடும்மா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் அப்பா.

"மூணு மணி நேரம்தானேப்பா."

முதல் மணி நேரத்தில் மார்பு, இரண்டாவதில் கழுத்து. கண்காணிப்பாளர் விடைத்தாளை மட்டும் தரையில் இறக்கி வைத்தார். கை கொடுத்துத் தூக்கினால் தேர்வில் உதவியதாக ஆகிவிடும். கடைசிக் கேள்விக்கான விடையை வெளியே மிச்சமிருந்த ஒரு கை எழுதியது. எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. மணி அடித்ததும் தாளை வாங்கிக்கொண்டார்கள். தரை மூடிக்கொண்டது.

முதலிடப் பட்டத்தை அப்பா மேடையேறி வாங்கினார். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. அந்த இடத்தை உடைத்துப் பார்க்க அனுமதி கேட்டு நான்கு முறை மனு கொடுத்தார். கட்டடம் பலவீனமாகிவிடும் என்று நான்கு முறையும் பதில் வந்தது.

அடுத்த வருடம் இளைய மகள் சேர்ந்தாள். பொறுப்பாளர் டேப்போடு குனிந்து பார்த்தார். பாதம் ஒரு நூலளவுகூட இறங்கவில்லை.

"நீ மையத்துக்கு வரவேண்டியதில்லம்மா. உங்க வீட்லதான் ஏற்கெனவே ஒருத்தர் இருக்காங்களே" என்றார்.

இளையவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மூன்று வருடமும் அப்படித்தான் போனாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.