இரண்டாவது ஜாய்ஸ்டிக்

சவப்பெட்டிக்குள் மகனின் சிகரெட்டையும் மூக்குக்கண்ணாடியையும் வைத்துவிட்டு அம்மா கையை நீட்டினாள்.

"அந்த ஒடைஞ்ச ஜாய்ஸ்டிக்கக் குடுடி. அதுன்னா அவனுக்கு உசிரு."

அண்ணன் நெபோய்ஷாவின் அலமாரியிலிருந்து ரத்மிலா இரண்டு ஜாய்ஸ்டிக்கையுமே எடுத்து வந்திருந்தாள். சின்ன வயதில் ஸ்ரெனியானின் நகரத்துச் சந்தையில் அப்பா வாங்கிய வீடியோ விளையாட்டுப் பெட்டியோடு வந்தவை. முதலாவது நன்றாக இருந்தது. இரண்டாவதில் சுடும் பொத்தானை அமுக்கினால் மேலே எழும்பாது. அண்ணன் எப்போதும் அதைத்தான் எடுப்பான்.

எரியும் கோட்டைக்குள் இரண்டு வீரர்கள் ஓடும் ஆட்டம் அது. ஆளுக்கு மூன்று உயிர். ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போச்சு. தெருவில் பாதிப் பேர் முதல் பாலத்தையே தாண்டியதில்லை. ரத்மிலாவுக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. தன் உயிர்களைக் கண்மூடித் திறப்பதற்குள் தொலைத்துவிட்டு, கூட ஆடுபவனிடமிருந்து எடுத்துக்கொள்வாள். ஆட்டத்தில் அதற்கு இடமிருந்தது. அண்ணன் அடிபடாமல் பின்னாலேயே பதுங்கிப் பதுங்கி வருவான்.

"பயந்தாங்கொள்ளி, முன்னாடி வாயேன்."

"எனக்கு வராதுடி. நீ போ."

அண்ணனின் கூட்டாளி ஸ்ரெதன் சவப்பெட்டியருகே வந்தான். ரக்கியா சாராய வாடை அடித்தது.

"ஒடைஞ்சது எதுக்கு? எங்க வீட்ல நல்லதுலதான் ஆடுவான். சூரியகாந்தி விதையக் கொறிச்சிக்கிட்டே, ஒரு உசிருகூட விடாம கடைசி வரைக்கும் போவான்."

"அண்ணனுக்கு ஆடவே வராதே."

"ஒங்கிட்ட அப்படியா சொல்லி வச்சிருந்தான்?" ஸ்ரெதன் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ கோட்டையத் தாண்டுன அன்னிக்கு, எந் தங்கச்சி ஜெயிச்சிட்டான்னு எங்க எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான்."

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. அவனுடைய கடைசி உயிரையும் எடுத்துக்கொண்டுதான் தாண்டினாள். மடியில் வேலையற்றுக் கிடந்த ஜாய்ஸ்டிக்கோடு அவன் கைதட்டிக்கொண்டிருந்தான். அதன் பிறகு எதைக் கண்டும் அவள் பெரிதாகப் பயந்ததில்லை. அந்தத் தைரியம் தானே சம்பாதித்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். இப்போது நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"மூடுறதுக்கு ஆளுங்க நிக்கிறாங்க. குடுடி." அம்மா மறுபடி கையை நீட்டினாள்.

ரத்மிலா குனிந்து, நன்றாக இருந்த முதலாவதன் ஒயரைச் சுற்றி அவன் வலது கையருகே வைத்தாள்.

"அது ஒன்னோடதாச்சே," என்றாள் அம்மா.

"அவன் ஆடட்டும்மா."

மூடியை இறக்கினார்கள். இடுகாட்டுக்கு நடக்கும்போது, கோட்டுப் பையில் அவள் கட்டைவிரல் மற்றதன் பொத்தானை அமுக்கியது. அது மேலே வரவில்லை. நகத்தால் நெம்பி எழுப்பிவிட்டு, மறுபடியும் அமுக்கினாள்.