எலி மருந்து

காலைத் தேநீரை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து மனைவி ஒரு கவுனை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். இடுப்புப் பக்கத்தில் மூன்று ஓட்டை. அதன் வழியாக அவருக்கு ஜன்னல் தெரிந்தது.

"நல்லா பாருங்க. நாளைக்குத் தைச்சுக் குடுக்க வேண்டிய துணி. இந்த மாசத்துல இது மூணாவது. இனிமே எவ எங்கிட்ட துணி குடுப்பா?"

சுண்டெலியின் கைவரிசை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், குழாய் வெளியே போகிற இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதுதான் அவற்றுக்குத் தலைவாசல்.

"ஓட்டைய அடைங்க, அடைங்கன்னு மூணு மாசமா கத்தறேன். காதுல விழுந்தாத்தானே?"

"இன்னிக்கே ஒரு முடிவு கட்டறேன், விடு."

"முடிவு கட்டறேன்னு விஷம் கிஷம் வாங்கிட்டு வந்துடாதீங்க. புள்ளையும் நாயும் நாள் முழுக்கத் தரையில புரள்ற வீடு."

"எனக்கேவா சொல்ற?" என்று சிரித்துக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார்.

அவர் அப்படிச் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. பெரிய சாலையில் உள்ள மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். படித்த படிப்பு என்னவோ பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் எந்த மாத்திரை வெறும் வயிற்றில், எது சாப்பிட்ட பிறகு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தெருவில் அவருக்குக் 'குட்டி டாக்டர்' என்று பெயர். முதலில் யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பிடித்த இரண்டு அறை வீடு அது. அந்த வீட்டில் இன்னொரு எலியும் இருந்தாள். அவருடைய ஒரே மகள், ஆறு வயது. பிறக்கும்போதே கையளவு, நடக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே ஓட்டம், எந்நேரமும் வாயில் எதையாவது கொறிப்பாள். அப்பா 'எலி' என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் பள்ளிக்கூட டீச்சர் மட்டும்தான்.

மகளுக்குச் சளி, காய்ச்சல் என்றால் கடையிலிருந்து மாத்திரை வரும். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று படம் போட்ட சின்னக் காகிதக் கவர். அதில் நோயாளியின் பெயர் எழுதுகிற கோட்டின் மேல் அவர் 'எலி' என்றே எழுதுவார். அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் அவள் முதலில் படித்துக் காட்டிய சொல் அந்தக் கவரில் இருந்ததுதான்.

அன்று அவர் ஓட்டையை அடைக்க எதுவும் வாங்கவில்லை. தொட்டிக்கு அடியில் குனிந்து, சிமெண்ட் குழைத்துப் பூச யாருக்குப் பொறுமை இருக்கிறது? பக்கத்து ஹார்ட்வேர் கடையில் ஒரு பெட்டி வாங்கினார். பெட்டியின் மேல் மண்டை ஓடும் இரண்டு எலும்பும். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி வாசலிலேயே நிறுத்திவிடுவாள். ஆகவே உள்ளே இருந்த பச்சை வில்லைகளை ஒரு மாத்திரைக் கவரில் கொட்டிக்கொண்டு, பெட்டியைக் கடைக் குப்பைக்கூடையில் போட்டார். பதினெட்டு வருடப் பழக்கம், எழுதாமல் ஒரு கவரையும் அவர் கை மூடாது. பேனாவை எடுத்து அழகாக எழுதினார்: 'எலி மருந்து'.

வீட்டில் இரண்டு வில்லைகளைத் தொட்டிக்குப் பின்னால் தள்ளினார். மிச்சத்தை எங்கே வைப்பது? பிள்ளைக்கு எட்டாத இடம் என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பீரோவின் மேல் இருந்த மருந்து டப்பா. அதற்குள் வைத்து மூடினார். பக்கத்தில் மகளின் சளி மாத்திரைக் கவர் கிடந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கடை அரை நாள். மதியம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் தரையில் நாயோடு உட்கார்ந்திருந்தாள். குட்டைக் கால்களோடு இருப்பதால் குள்ளன் என்று பெயர் வாங்கிய நாய் அது. அப்பாவைப் பார்த்ததும் அவள் வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

பல்லெல்லாம் பச்சை.

அவர் பார்வை பீரோ பக்கம் போனது. பீரோவின் கீழ் முக்காலி கிடந்தது. டப்பா திறந்திருந்தது. நாயின் மூக்கருகே கவர் கசங்கிக் கிடந்தது.

ஒரு தகப்பன் அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவரும் தூக்கினார். ஆனால் அதற்கு முன்னால் குனிந்து, அந்தக் கவரை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் திணித்தார். சொல்லவே வெட்கமான விஷயம், ஆனால் அதுதான் நடந்தது.

"புள்ள என்னத்தையோ வெளியில எடுத்துத் தின்னுட்டா போலிருக்கு. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார் மனைவியிடம்.

"ஐயோ, உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?"

"வேணாம், வேணாம். நட!" அந்த ஒன்றில் மட்டும் அவருடைய பதினெட்டு வருடம் உதவிக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் எதிர்ப்பட்ட நர்ஸ், அவர் கடையின் வாடிக்கைக்காரி. "அட, நம்ம குட்டி டாக்டர்! நீங்களே எங்ககிட்ட வந்தா எப்படி?" என்றாள். அவர் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயது. பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்ததுமே அவர் குரல் மாறியது.

"இது எலி விஷத்தோட சாயம் மாதிரி இருக்கே. வீட்டுல வெச்சிருந்தீங்களா?"

"இல்லைங்களே டாக்டர். அக்கம்பக்கத்துல யாராவது வெச்சிருப்பாங்க."

"எந்த வகைன்னு தெரியணும். ஒண்ணு ரத்தத்த உறைய விடாது, இன்னொண்ணு ஈரலையே அழிச்சுடும். ஒவ்வொண்ணுக்கும் சிகிச்சை வேற வேற. அந்தப் பெட்டி கிடைக்குமா?"

"விசாரிச்சுப் பார்க்கறேன் டாக்டர்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நர்ஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனைவி சுவரோடு சாய்ந்து நின்று, "எந்த வீட்டுல வெச்சாங்களோ, பாவிங்க" என்று அழுதாள். அவள் திட்டியது ஒவ்வொன்றும் அவர் நெஞ்சில் வந்து விழுந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. நாளை கடைக்கு எப்படிப் போவது, தெருவில் எப்படி நடப்பது, இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் மனம் ஓடியது. இப்படியே இருபது நிமிடம் போயிற்று. கட்டிலில் பிள்ளையின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா மகளிடம் குனிந்து, "கண்ணு, இத எங்கேருந்து எடுத்த? பயப்படாம சொல்லு" என்று கேட்டார்.

"டப்பாவுலேருந்து. அம்மாதான் தைச்சுக்கிட்டே, உன் மருந்த எடுத்துச் சாப்பிடுன்னாங்க. அதான் முக்காலி போட்டு எடுத்தேன்."

"அது உன் மருந்துன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவள் அந்தக் கேள்வியே புரியாதவள் மாதிரி பார்த்தாள். "கவர்ல எழுதியிருந்துதே, எலி மருந்துன்னு. நான்தானே எலி? அப்பா கையெழுத்துதான். எனக்குத் தெரியாதா?" பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா ரொம்பக் கசந்துதுப்பா. கொஞ்சம் கடிச்சுட்டு மிச்சத்தக் குள்ளனுக்குக் குடுத்துட்டேன். அவனுக்கும் தும்மல் வந்துதில்ல? தப்பாப்பா?"

அவர் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார். டாக்டரம்மாவிடம் நீட்டும்போது அது கீழே விழுந்தது. அதை எடுத்தவள் மனைவி. ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "எடுத்துச் சாப்பிடுன்னு என் வாயாலயே சொன்னேனே" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பதில் நாலு பேர் முன்னால் அவரைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான்தான் டாக்டர் வாங்கினேன். பெட்டி கடைக் குப்பையில கெடக்கு" என்றார்.

"இருபது நிமிஷமா இத வாயிலயே வெச்சிருந்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். திட்டக்கூட இல்லை. "ஓடுங்க."

ஓடினார். போகிற வழியில் மைத்துனருக்குப் போன் போட்டு, குள்ளனை உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போகச் சொன்னார். தொட்டிக்குப் பின்னால் உள்ளவற்றைக் கையுறை போட்டு எடுக்கச் சொன்னார். முதலாளி வீட்டில் சாவி வாங்கி, கடையைத் திறந்து, குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்து, முட்டிபோட்டுத் தேடினார். வாசலில் நின்று முதலாளி விஷயம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, குப்பை வண்டி மறுநாள்தான்.

பெட்டியைப் படித்துப் பார்த்த டாக்டரம்மா மூச்சுவிட்டார். "ரத்தம் உறையறதத் தடுக்கற வகை. இதுக்கு மாத்து மருந்து இருக்கு. ஆனா ஒண்ணு. இன்னிக்கு இவ விளையாடுவா, சாப்பிடுவா, ஒண்ணுமே தெரியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் ஈறுல, மூக்குல ரத்தம் வரும். நல்லாத்தானே இருக்கான்னு நீங்க வீட்டுலயே வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுக்குங்க."

மகள் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவள் கடித்தது கொஞ்சம்தான், பிழைத்தாள். குள்ளன்தான் அதிகம் தின்றிருந்தான். அவனுக்கு ஒரு மாதம் மாத்திரை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பிய அன்றே அவர் தொட்டிக்கு அடியில் படுத்தார். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை ஓட்டைக்குள் இறுக்கித் திணித்து, அதன் மேல் சிமெண்ட் பூசினார். முக்கால் மணி நேர வேலை. மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டது இதைத்தான். குள்ளன் தின்று மிச்சம் வைக்கிற தட்டுதான் எலிகளுக்கு ராத்திரி விருந்து என்பதும் அப்போதுதான் புரிந்தது. தட்டு சாயங்காலமே கழுவப்பட்டது. மாவும் தானியமும் இறுக்கமான மூடி போட்ட டப்பாக்களுக்குப் போயின. உள்ளே சிக்கிய எலிகளுக்கு, பிள்ளை கையும் நாய் மூக்கும் நுழையாத மூடிய பெட்டிப் பொறி வைத்தார். இரண்டு வாரத்தில் சத்தம் ஓய்ந்தது. எலிக்குப் பயந்து வீட்டையே கொளுத்தப் பார்த்தவர் அவர்.

எல்லாம் சரியானது. ஒன்று மட்டும் ஆகவில்லை. மகளுக்கு வீட்டில் கொடுக்க வேண்டிய மாத்திரையை ஒருநாள் அவர் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் மாத்திரையைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அம்மா குடுக்கட்டும்பா" என்றாள். கோபமில்லை, பயம்கூட இல்லை. அப்பாவுக்கு மனசு நோகக்கூடாதே என்று மெதுவாகச் சொன்னாள். தெருவுக்கே மாத்திரை கொடுத்த கை அது. அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதார்.

தெருவில் யாருக்கும் விஷயம் தெரியாது. பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவரும் தலையாட்டி வைத்திருந்தார். அப்படியே போயிருக்கும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம். எதிர்வீட்டு பஸ் டிரைவர் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் வீட்டில் தவழ்கிற குழந்தையும் ஒரு பூனையும் உண்டு.

"குட்டி டாக்டரே, எலித் தொல்லை தாங்கல. பக்கத்துக் கடையில ரெண்டு மூணு தினுசு மருந்து இருக்காம். எது நல்லதுன்னு சொல்லுங்க, வாங்கிட்டு ஓடறேன்."

முதலாளி கணக்கிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏதாவது ஒண்ணச் சொல்லி அனுப்புய்யா. எத்தன பேர் நிக்கறாங்க" என்றார்.

ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். 'அதெல்லாம் வேணாம்' என்று பொதுவாகச் சொல்லியும் தப்பித்திருக்கலாம். அவர் கையிலிருந்த கவரைக் கீழே வைத்தார். காது சிவந்து சுட்டது. ஆனாலும் கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசினார்.

"அது மருந்து இல்லைங்க, விஷம். மருந்துன்னு எழுதி வீட்டுல வெச்சேன், எம் பொண்ணு எடுத்துத் தின்னுட்டா. காய்ச்சல்னு உங்ககிட்டயெல்லாம் சொன்னது பொய். ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்பவும் என் பேரு கெட்டுடுமேன்னு இருபது நிமிஷம் பொய் சொல்லிக்கிட்டு நின்னேன்."

முதலாளி இப்போது தலையைத் தூக்கியிருந்தார்.

"ஓட்டைய அடைங்க, தீனிய மூடி வைங்க, மூடின பொறி வைங்க. எப்படின்னு நானே வந்து செஞ்சு தரேன். புள்ளையும் வாயில்லா ஜீவனும் இருக்கற வீட்டுக்குள்ள விஷத்த மட்டும் எந்தப் பேருலயும் கொண்டு போகாதீங்க. அதையும் மீறித் தப்பு நடந்துட்டா, மானம் போகுமேன்னு ஒரு நிமிஷம்கூட மறைக்காதீங்க. போன மானம் நாளைக்குத் திரும்பி வந்தாலும் வரும். போன உசுரு வராதுங்க."