வலது காலில் இல்லாத சிரை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தங்கை, அவள் கணவர், மூளை அறுவை மருத்துவர், ஸ்கேன் எடுக்கும் பெண். பின்னால் கதை கட்டியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

தங்கையின் மூளையில் ஒரு இரத்தக் குழாய் பலூன்போல் உப்பியிருந்தது. அதை அடைத்தாக வேண்டும். அடைத்தால் அதற்கு அப்பால் இரத்தம் போகாது. அதனால் வலது காலிலிருந்து நீளமாக ஒரு சிரையை எடுத்து, கழுத்திலிருந்து மூளைக்கு மாற்று வழியாகத் தைப்பதாக ஏற்பாடு. மறுநாள் காலை அறுவை.

ஸ்கேன் பெண் கருவியைத் தொடையில் மேலும் கீழும் நகர்த்தினாள்.

"டாக்டர், இங்க சிரையே இல்ல."

மருத்துவர் படிவத்தைப் புரட்டினார். "முன்னாடி ஆபரேஷன் எதுவும் இல்லைன்னு இருக்கே. யார் எழுதினது?"

எழுதியவன் நான். கல்யாணத்துக்கு முன்பு தங்கை சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போட்டாள். கால் நரம்பு, அதாவது இந்தச் சிரைதான், சுருண்டு புடைத்தது, அறுத்து எடுத்தார்கள். அண்ணன் குத்துக்கல்லாக இருக்க, தங்கை கால் கெட நின்றாள் என்று யாரும் பேசிவிடக் கூடாது. தழும்பைக் கேட்டவர்களுக்கு சைக்கிளில் விழுந்தாள் என்றேன். அவளிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன்.

"அண்ணே, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? தலைக்குள்ள குண்டு இருக்கு. இனி சத்தியமெல்லாம் செல்லாது."

எழுந்து நின்று முழுவதையும் சொன்னேன்.

"சைக்கிள்னுதானே சொன்னீங்க மச்சான்?" என்றார் அவள் கணவர். "சைக்கிளா நரம்பை உருவிக்கிட்டுப் போச்சு?"

தங்கையும் ஸ்கேன் பெண்ணும் சிரித்துவிட்டார்கள்.

மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு மயக்கத்துல படுக்க வெச்சு, காலைக் கீறிட்டுத் தேடியிருப்போம். இடது கால்?"

"அதைத் தொடலை டாக்டர்," என்றேன்.

படிவத்தைக் கேட்டு வாங்கி, நான் எழுதியதை நானே அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டேன். இடது காலில் சிரை நன்றாகவே இருந்தது. மருத்துவர் அதன்மேல் பேனாவால் கோடு இழுத்து, ஒரு அம்புக்குறியும் போட்டார். உள்ளே இரத்தத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வுகள் உண்டாம். தலைகீழாகத் தைத்தால் இரத்தம் ஓடாதாம்.

"நேரா வைங்க டாக்டர்," என்றாள் தங்கை. "எங்கண்ணன் பேச்சு மாதிரி திருப்பி வெச்சுடாதீங்க."

அறுவை முடிய ஒன்பது மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் நாள் என்னைப் பெயர் சொல்லித் திட்டினாள். மூளை சரியாக இருந்தது.

தங்கைக்காக அண்ணன் தன் காலைக் கீறி நரம்பு கொடுத்தான் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். தவறு. என் கால்மேல் கத்தி படவில்லை. அது அவளுடைய இடது காலின் சிரை.