திருப்பி மாட்டிய கோட்டு

நாடு முழுக்கக் கிளை விரித்திருந்த அந்தக் கடை நொடித்துவிட்டது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது, அதில் வேலை பார்த்தவர்களைத் தவிர. அவர்கள் கடைசி வாரம்வரை கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தக் கண்ணாடிகளிலும் விலைச்சீட்டு ஒட்டப்பட்டது. உடுப்பு கழற்றப்பட்ட துணிக்கடைப் பொம்மைகள் கழுத்தில் சீட்டைத் தொங்கவிட்டபடி, தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி மாடிப்படியோரம் நின்றன.

அன்று சாயங்காலம் இந்தக் கிளையை இழுத்துப் பூட்டப்போகிறார்கள். இரண்டாம் மாடியில் குளிர்கோட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்ட கோட்டக்காவுக்கு அதற்குள் ஒரே ஒரு வேலைதான் பாக்கி.

"பாத்தீங்களாக்கா, நீங்க உக்கார்ற ஸ்டூலையும் வித்துட்டான். அடுத்து நீங்களும் நானும்தான்" என்றபடி வந்தார் தையலறைக்காரர். ஒல்லி உடம்புக்கும் குத்தல் பேச்சுக்கும் சேர்த்து அவருக்கு ஊசி என்று பெயர்.

"உங்களை எவன் வாங்குவான்? சும்மா குடுத்தாலும் வேணாம்னு ஓடிடுவான்."

ஊசி சிரிக்கவில்லை. கையிலிருந்த கருநீலக் கம்பளிக் கோட்டை நீட்டினார். "இந்தக் கடையோட கடைசித் தையல். பத்திரம்."

அந்தப் பாக்கி வேலை இதுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்தது. செத்துப்போன அப்பாவின் கோட்டு. அவர் வாங்கியதும் இதே மாடியில்தான். "எனக்குப் போடற மாதிரி சின்னதாக்கித் தாங்கக்கா. வேற எதுவும் அவரோடது எங்கிட்ட இல்ல" என்று சொல்லும்போது அவள் கோட்டைக் கொடுக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றிருந்தாள். மத்தியானம் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

தைத்து முடித்த வாடிக்கையாளர் துணியை அந்தக் கடையின் எல்லாக் கிளைகளிலும் ஒரே மாதிரிதான் வைப்பார்கள். விற்பனைக் கம்பியின் கோடியில், ஹேங்கரின் கொக்கியைத் திருப்பி மாட்டுவார்கள். மற்றவற்றின் கொக்கி சுவரைப் பார்த்திருக்க, இது மட்டும் ஆளைப் பார்த்திருக்கும். திருப்பி மாட்டியிருந்தால் அது நம்முடையதல்ல. வேலைக்குச் சேரும் முதல் நாளே பார்த்துப் பழகிவிடுவார்கள். எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒரு கோட்டை யாரும் தொட்டதில்லை. கோட்டக்காவின் கை தானாகக் கம்பியின் கோடிக்குப் போயிற்று. கொக்கியைத் திருப்பி மாட்டிவிட்டு, டீ குடிக்கக் கீழே போனார்.

திரும்பி வந்தபோது கோடி காலியாக இருந்தது.

கடையை விற்றுத் தீர்க்க வந்த கம்பெனியின் இளைஞன், ஏலம் என்று இவர்கள் பெயர் வைத்திருந்தவன், சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்த ஓரத்துல ஒரு கோட்டு இருந்துச்சே?"

"அந்த நீலமா மேடம்? சீட்டே இல்லாம, கொக்கிய வேற தப்பா மாட்டி வச்சிருந்தாங்க. நான்தான் சரி பண்ணி ஒரு விலை போட்டேன். போட்ட கை எடுக்கல, பறந்துடுச்சு."

கோட்டக்கா படியிறங்கி வாசல்வரை ஓடினார். தெருவில் ஒரே கூட்டம். திரும்பி வந்தபோது ஊசி தையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எப்பவும் மாட்டற இடத்துலதான் மாட்டினேன்."

"எப்பவும் பாக்கற ஆளுங்க யாருக்கா இருக்காங்க இப்போ? நீங்களும் நானும்தான் மிச்சம்" என்றார் ஊசி. அதில் குத்தலே இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

நர்ஸ் சொன்னபடி வந்துவிட்டாள். வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், கண்ணில் தூக்கம் தொங்கியது. கோட்டக்கா சுற்றி வளைக்கவில்லை. "வித்துட்டாங்கம்மா. தப்பு என்னோடது. இடம் பாத்து வைக்கல நான்."

அவள் காலிக் கம்பியையே பார்த்தாள். ஏலம் குறுக்கே வந்து, "வேற எது வேணாலும் எடுத்துக்கங்க, சும்மாவே தர்றேன்" என்றான். அவனுக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான். அவள் எதையும் தொடவில்லை.

"யார் வாங்கினது?"

"ஒரு பொண்ணு. உங்க உசரம்தான் இருக்கும். போட்டுப் பாத்துட்டுத்தான் வாங்கினாங்க." அவளைத் தேற்ற நினைத்தவன் போல அவன் முகமெல்லாம் மலர்ந்தது. "நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கு மேடம். அளவெடுத்துத் தச்ச மாதிரி அப்படியே உக்காந்துச்சு!"

ஊசி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நர்ஸ் படியிறங்கினாள். பொம்மைகளுக்கு நடுவே அவள் தலை கீழே கீழே போவதைப் பார்த்த கோட்டக்கா பின்னாலேயே இறங்கினார்.

"மேடம், கடை நேரத்துல எங்க போறீங்க? போனா மறுபடி உள்ள விட மாட்டேன்!"

"விடாத தம்பி."

வெளியே குளிர் பல்லைக் கிட்டவைத்தது. இத்தனை வருஷத்தில் வேலை நேரத்துத் தெருவைக் கோட்டக்கா பார்த்ததே இல்லை. எல்லோரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். எல்லாமே கருநீலம் போலவும் இருந்தன, இல்லாதது போலவும் இருந்தன. பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை வாசல், ரயில் நிலையப் படிக்கட்டு என்று இருவரும் சேர்ந்து தேடினார்கள். இரண்டு முறை அவசரப்பட்டு யார் தோளையோ தொட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

தெருவிளக்குகள் எரிந்தன. கடையை இந்நேரம் பூட்டியிருப்பார்கள்.

"போதும்க்கா. நீங்க வீட்டுக்குப் போங்க."

"நீ போகலியா?"

"போறேன்." ஆனால் நகரவில்லை. கூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பா வேகமா நடப்பாரு. எட்டிப் பிடிக்க முடியாது. சின்னதுல அந்தக் கோட்டு முதுகைப் பாத்துக்கிட்டேதான் பின்னாடி ஓடுவேன்."

எதிர்ச்சாரியில் கருநீலமாய் ஒரு முதுகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாகப் போயிற்று. கோட்டக்கா அவள் கையைப் பிடித்தார். இருவரும் வண்டிகளுக்கு நடுவே பாய்ந்து தெருவைக் கடந்தார்கள்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியது ஒரு கிழவர். அவர் கோட்டு அந்தக் கோட்டே இல்லை.

"என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள் அவள்.